முகமும் அரியணையும்: அச்சோவியத்தில் அரச அங்கதம்

அரசனது முகம் அச்சில் ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நாணயச்சாலை தன் அச்சைக் கொண்டு அம்முகத்தைப் பொன்னிலும் வெள்ளியிலும் பதிக்கிறது. ஓவியன் தன் அச்சைக் கொண்டு அதே முகத்தைத் தாளில் பதிக்கிறான். நாணயத்து முகத்தில் சோர்வில்லை, தொங்குதசை இல்லை. தாளில் பதிந்த முகத்திலோ அவையே முதலிற் கண்ணுக்குப் புலனாகின்றன. இவ்விரண்டு அச்சுகளும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்ட நிகழ்ச்சியொன்றை விக்டர் ஹியூகோ சொல்லியிருக்கிறார். யோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' எனத் தமிழில் தந்த நாவலின் பிரெஞ்சு மூலத்தில் அது வருகிறது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் ஒருநாள் மாலை கால்நடையாக வீடு திரும்புகையில், நெய்யீ மாளிகை வாயில் தூணில் சின்னஞ்சிறு சிறுவன் ஒருவன் கரித்துண்டால் பெரிய பேரிக்காய் ஒன்றை வரைய எம்பி எம்பி முயல்வதைக் கண்டார். பேரிக்காய் என்றால் மன்னரின் தலை என்பது அந்நாளில் பாரிஸ் நகரத்துக் குழந்தைக்கும் தெரியும். மன்னர் சினங்கொள்ளவில்லை. சிறுவனுக்கு உதவிசெய்து பேரிக்காயைத் தாமே வரைந்து முடித்தார். பிறகு ஒரு பொற்காசை அவன் கையிற் கொடுத்து, அதிலும் பேரிக்காய் இருக்கிறது என்று சொல்லிச் சென்றார்.

மன்னரின் நல்லியல்புக்குச் சான்றாகவே ஹியூகோ இதனைக் கூறுகிறார். ஆயின் ஓவியத்தின் பக்கம் நின்று நோக்குவோரை இந்நிகழ்ச்சியில் ஒரு முள் உறுத்தாமல் இராது. எள்ளப்படுபவனே எள்ளலைத் தன் கையால் வரைந்து முடித்துக்கொடுக்க இயலுமாயின், அவ்வெள்ளல் அவனை எந்த அளவுக்குத் தொட்டது? முகத்தைக் கேலி செய்யும் ஓவியம் அரசனைக் குறைகூறுகிறதா, அன்றி அவன் மூக்கையும் கன்னத்தையும் மட்டுமே குறைகூறுகிறதா? கடந்த இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலும் அரசர்களைப் பகடி செய்து எழுந்த அச்சோவியங்களை மதிப்பிடுவதற்கு இவ்வினாவே ஏற்ற அளவுகோலாகும்.

தமிழ் மாணவருக்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாக வசைகூறுவது முன்னது. வசையை உள்ளே ஒளித்துவைப்பது பின்னது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் புகழ்ந்து, போர் காணாத அதன் பளபளப்பை எள்ளிய புறநானூற்றுப் பாட்டு பழிகரப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அப்பாட்டில் தொண்டைமானின் முகம் எத்தகையது என்ற குறிப்பே இல்லை. அவனது ஆட்சியின் ஒரு பொருளை, அதாவது நெய்பூசி மாலைசூட்டி வைத்த வேலைப் புலவர் சுட்டுகிறார், அவ்வளவே. முகத்தை விட்டுவிட்டு அரசின் இயக்கத்தைத் தொடும் இந்த உத்தி அச்சோவியத்துக்குக் கைவர நெடுங்காலம் ஆயிற்று.

இங்கிலாந்தில் இக்கலை முதலில் முகத்தையே பற்றிக்கொண்டது. 1792 ஜூலையில் ஜேம்ஸ் கில்ரே இரண்டு செப்புத்தகட்டு அச்சுகளை வெளியிட்டார். ஒன்றில் பட்டத்து இளவரசர், பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் ஆனவர், உண்டு முடித்த களைப்பில் சட்டைப் பொத்தான் தெறிக்கும் வயிற்றோடு நாற்காலியிற் சாய்ந்து முள்கரண்டியால் பல்குத்துகிறார். மற்றொன்றில் அவர் தந்தை மூன்றாம் ஜோர்ஜ் மன்னர், ஒட்டுப்போட்ட காற்சட்டையுடன் அமர்ந்து வேகவைத்த முட்டையைத் தின்கிறார்; அரசி கீரையை வாயில் திணித்துக்கொள்கிறார்; அடுப்பிலே நெருப்பில்லை. மகனின் பெருந்தீனிக்கும் தந்தையின் கருமித்தனத்துக்கும் எதிர்நிலையாக அமைந்த இவ்விரண்டு படங்களும் கைத்திறனில் ஈடிணையற்றவை. எனினும் இவற்றைக் கண்டு மக்கள் சிரித்தார்கள். அரச குடும்பத்தாரும் வாங்கிப் பார்த்தார்கள். இளவரசர் கில்ரேயின் அச்சுகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. வாங்கவியலாத அளவுக்குக் கேலி மிகுந்தபோது ஓவியரையே வாங்கவும் அரண்மனை தயங்கவில்லை. 1820-இல் மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என உறுதியளித்து ஜோர்ஜ் குரூக்ஷாங்க் நூறு பவுன் பெற்றுக்கொண்டார். நூறு பவுனுக்கு விலைபோகக்கூடிய சினம் எத்தகைய சினம் என்பதைப் படிப்போரே எண்ணிப்பார்க்கலாம்.

பிரான்சில் நிலைமை வேறு. 1830 ஜூலைப் புரட்சியின் விளைவாக அரியணை ஏறியவர் லூயி பிலிப். தம்மைக் குடிமக்களின் மன்னர் என்று காட்டிக்கொண்டவர். பத்திரிகைச் சுதந்திரத்தைச் சாசனத்தில் ஏற்றவர். அவ்வாண்டு நவம்பரிலேயே ஷார்ல் பிலிப்போன் என்பவர் 'லா கரிக்கத்தூர்' என்னும் வார இதழைத் தொடங்கினார்; 1832 டிசம்பரில் 'ல ஷரிவரி' என்னும் நாளிதழையும் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற கருவி கல்லச்சு. பவேரியா நாட்டுச் செனஃபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டுபிடித்த முறை அது. நீரும் கொழுப்பும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கோலால் ஓவியன் வரைகிறான். கல்லை நனைத்து மையை உருட்டினால், வரைந்த இடம் மையை ஏற்கிறது, நனைந்த இடம் விலக்குகிறது. செப்புத்தகட்டைப் போல உளிகொண்டு செதுக்கவேண்டுவதில்லை, அமிலத்துக்குக் காத்திருக்கவேண்டுவதில்லை. தாளில் வரைவது போலவே கை கல்லில் ஓடும். காலையில் நிகழ்ந்தது சில நாள்களில் கடைச் சாளரத்தில் தொங்கும். படியெடுக்கப் படியெடுக்கத் தகடு தேய்ந்துபோகும் கவலையும் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் சாளரத்தின் முன் நின்று ஆட்சியைப் படிக்கலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

1831 நவம்பரில் பிலிப்போன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். மன்னரைக் கொத்தனாராக வரைந்து, புரட்சியின் வாசகங்களை அவர் சுவரில் பூசி மறைப்பதாகக் காட்டிய படத்தை வெளியிட்டது குற்றம். படத்தில் இருப்பவர் மன்னர் என்று எங்கும் எழுதப்படவில்லை. சாயல் ஒன்றே சான்று. பிலிப்போன் நீதிபதிகள் முன்னிலையிலேயே ஒரு தாளில் நான்கு தலைகள் வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் தலை. இரண்டாவதில் கன்னங்கள் சற்றே தொங்கின. மூன்றாவதில் நெற்றி மேலும் குறுகியது. நான்காவது வெறும் பேரிக்காய். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் சாயல் உண்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உண்டு. அவ்வாறாயின் பேரிக்காய் வரைந்தவனையும் தண்டிப்பீரோ என்பது அவர் வாதத்தின் சாரம். தருக்கம் கூர்மையானது, தீர்ப்பு கூர்மையாக இல்லை. ஆறு மாதச் சிறையும் இரண்டாயிரம் பிராங்க் தண்டமும் விதிக்கப்பட்டன. ஆயினும் அந்தப் பேரிக்காய் நீதிமன்றத்தை விட்டு வெளியேறி நகரெங்கும் பரவியது. 1834-இல் 'ல ஷரிவரி' தனக்கெதிரான தீர்ப்பின் வாசகங்களையே பேரிக்காய் வடிவில் அச்சுக்கோத்து வெளியிட்டது.

அங்கத வரலாற்றில் இதற்கு ஈடான வெற்றி அரிது. வரையத் தெரியாதவனும் வரையலாம். இரண்டு வளைகோடுகளும் ஒரு காம்பும் போதும். அச்சகத்தைப் பூட்டலாம், கரித்துண்டைப் பூட்டவியலாது. எனினும் வெற்றியின் உள்ளேயே குறையும் பொதிந்திருந்தது. பேரிக்காய் இனிய கனி, வெறுப்பூட்டும் பொருளன்று. மீண்டும் மீண்டும் வரையப்பட்டதால் அதன் கூர் மழுங்கிச் செல்லப்பெயர் போல ஆயிற்று. நெய்யீ வாயிலில் மன்னர் சிரித்தபடி அதனை வரைந்து முடித்தமைக்கு இதுவே காரணமாகலாம். பேரிக்காய் அவர் யார் என்பதைக் காட்டியது. அவர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டவில்லை.

என்ன செய்கிறார் என்பதைக் காட்டியவர் ஒனோரே தோமியே. வாழ்நாளில் ஏறத்தாழ நாலாயிரம் கல்லச்சுகளைப் படைத்த இப்பெரும் ஓவியருக்கு 1831 டிசம்பரில் அகவை இருபத்துமூன்று. அப்போது அவர் வரைந்த 'கார்கான்துவா' என்னும் படத்துக்கு ரபலேயின் கதையில் வரும் பெருந்தீனி அரக்கனின் பெயர் இடப்பட்டது. படத்தின் நடுவே மலைபோல் அமர்ந்திருக்கிறார் மன்னர்; தலை வழக்கம்போற் பேரிக்காய். திறந்த வாயிலிருந்து தரைவரை ஒரு நீண்ட பலகை சாய்ந்திருக்கிறது. வலப்பக்கத்தில் கந்தலுடுத்த ஏழைகள், குழந்தையை ஏந்திய தாய் உட்பட, தம்மிடமுள்ள காசைக் கூடைகளில் இடுகிறார்கள். சுமையாட்கள் அக்கூடைகளை முதுகில் ஏற்றிப் பலகைமீது ஏறி வாய்க்குள் கொட்டுகிறார்கள். பலகையிலிருந்து சிந்தும் காசைப் பொறுக்கக் கீழே சில கனவான்கள் குழுமியிருக்கிறார்கள். மன்னர் அமர்ந்திருக்கும் இருக்கையோ கழிப்பிருக்கை. அதன் அடியிலிருந்து பட்டங்களும் பதவி ஆணைகளும் விருதுச் சின்னங்களும் விழுகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்டு பின்னணியிலுள்ள மக்களவைக் கட்டடத்தை நோக்கி விரைகிறது ஒரு சிறு கூட்டம்.

கலைநயத்தால் மட்டும் அளந்தால் இப்படம் தோமியேயின் தலைசிறந்த படங்களுள் வைக்கத்தக்கதன்று. உருவங்கள் நெருக்கமின்றிச் சிதறிக் கிடக்கின்றன. மன்னரின் உடல் கனத்திருக்கிறதேயன்றி உயிர்த்திருக்கவில்லை. அருவருப்பும் மிகுதி எனச் சிலர் கூறுவர். ஆனால் அருவருப்பு ஈண்டு அணியன்று, வாதம். வரி எங்கே புகுகிறது, என்னவாக மாறி எங்கே வெளியேறுகிறது, யார் அதனைப் பெறுகிறார் என்னும் பொருளியற் பாடம் முழுவதும் ஓர் உடலின் செரிமானமாக வரையப்பட்டுள்ளது. கில்ரேயின் இளவரசரும் உண்கிறார். தோமியேயின் மன்னரும் உண்கிறார். முன்னவர் உண்பது அவரது குணக்கேடு. பின்னவர் உண்பது ஓர் ஆட்சிமுறை. அந்த இடத்தில் லூயி பிலிப்பை எழுப்பிவிட்டு வேறொருவரை அமர்த்தினாலும் கூடைகள் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அதிகாரிகளுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கியது போலும். படிகள் கைப்பற்றப்பட்டன; கல்லை அழிக்குமாறு ஆணை பிறந்தது. தோமியேக்கு ஆறு மாதச் சிறையும் ஐந்நூறு பிராங்க் தண்டமும் கிடைத்தன. தண்டனை முதலில் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் வரைவதை நிறுத்தாமையால் 1832 ஆகஸ்டில் சிறைப்படுத்தப்பட்டார். பேரிக்காயைச் சுவரில் வரைந்து முடிக்கக்கூடிய மன்னர் எவரும் 'கார்கான்துவா'வை வரைந்து முடிக்க முன்வந்திருக்க மாட்டார்.

மூன்றாண்டுகளுக்குப் பிறகு தோமியே இன்னும் ஒரு படி சென்றார். 1834 ஏப்ரலில் பாரிஸ் நகரத்துத் திரான்ஸ்நொனேன் தெருவில், கலகத்தை அடக்க வந்த படைவீரர் ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்குக் குடியிருந்தோரைக் கொன்றனர். அத்தெருவின் பெயரையும் நாளையும் மட்டுமே தலைப்பாகக் கொண்ட கல்லச்சில், இரவுச் சட்டையணிந்த தொழிலாளி ஒருவர் கட்டிலோரம் சரிந்து கிடக்கிறார். அவர் உடலின் அடியில் ஒரு குழந்தை. நிழலில் ஒரு பெண்ணின் உடல். ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. மன்னர் இல்லை, பேரிக்காய் இல்லை, படைவீரர்கூட இல்லை. இதனை அங்கதம் என்று சொல்ல நா எழாது. ஆயினும் அரசனைப் பற்றித் தோமியே சொன்ன சொற்களுள் இதுவே கடுமையானது. பகடியில் வல்ல ஒருவர் பகடியைத் துறந்த இந்த ஓர் இடத்தை வைத்தே அவரது மற்றப் படங்களின் சிரிப்பையும் எடைபோடவேண்டியிருக்கிறது.

1835 ஜூலையில் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதையே காரணமாகக் காட்டிச் செப்டம்பரில் கடுஞ்சட்டங்கள் இயற்றப்பட்டன. முன்னனுமதியின்றி எந்தப் படமும் வெளியிடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. எழுத்துக்கு இல்லாத முன்தணிக்கை படத்துக்கு வந்தது. எழுத்து கருத்தைச் சொல்வது, படமோ கண்வழியே செயலாகிவிடுவது என்னும் பொருள்பட அரசுத் தரப்பு வாதிட்டது. அச்சோவியத்தின் ஆற்றலுக்கு இதனினும் மேலான நற்சான்றிதழை அதன் அன்பர்கள்கூட வழங்கியதில்லை. 'லா கரிக்கத்தூர்' அதற்கு முன்பே நின்றுவிட்டது. தோமியே வழக்கறிஞர்களையும் ஏமாற்றுக்காரர்களையும் வரையத் திரும்பினார். 1848 பெப்ரவரியில் லூயி பிலிப் அரியணையை விட்டு ஓடினார். அடுத்த மாதமே தோமியேயின் படமொன்று வந்தது. அரண்மனைக்குள் புகுந்த பாரிஸ் தெருச்சிறுவன் ஒருவன் அரியணையில் ஏறி அமர்ந்து, அம்மெத்தையில் உடல் எவ்வளவு அமிழ்கிறது என்று வியக்கிறான். தூணில் பேரிக்காய் வரைந்த சிறுவனே வளர்ந்து உள்ளே வந்துவிட்டான் என்று கொள்ளலாம். மகிழ்ச்சியூட்டும் படந்தான், ஆனால் இருக்கை அப்படியே இருக்கிறது, அமர்பவனை உள்ளிழுக்கும் அதன் மென்மையும் அப்படியே இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்குள் மூன்றாம் நெப்போலியன் அதில் அமிழ்ந்ததைத் தோமியே கண்ணாற் கண்டார்.

முகத்தை விட்டு அரியணையை வரையும் இந்தப் போக்கு நிறைவெய்தியது ஓர் அரண்மனையில் அன்று, ஒரு பள்ளிக்கூடத்தில். பிரான்சின் ரேன் நகரத்து உயர்நிலைப்பள்ளியில் ஏபேர் என்னும் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். பருத்த உடலினர், வகுப்பை அடக்கி ஆளும் திறன் இல்லாதவர். மாணவர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பற்றிக் கேலிக்கதைகள் புனைந்து வந்தனர். 1888-இல் அப்பள்ளியிற் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஜாரி என்னும் மாணவர் அக்கதைகளை முதலிற் பொம்மலாட்டமாகவும், பின்னர் 'உபு அரசன்' என்னும் நாடகமாகவும் ஆக்கினார். 1896 டிசம்பரில் பாரிஸில் அது மேடையேறியபோது முதற்சொல்லுக்கே அரங்கில் அமளி எழுந்தது. மனைவியின் தூண்டுதலால் போலந்து மன்னனைக் கொன்று அரியணை ஏறும் உபு, பிரபுக்களையும் நீதிபதிகளையும் குழியில் தள்ளிக் கொல்கிறான். வீடுவீடாகத் தானே சென்று வரி பறிக்கிறான். ஆபத்து வந்ததும் கோழையாக ஓடுகிறான். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இக்கதையின் பிறப்பு சற்றுக் கசப்பானதுதான். பதினைந்து வயதுச் சிறுவர்க்கு அதிகாரம் என்பது முதலில் தோன்றுவது கரும்பலகையின் முன்னேதான். அவர்கள் அங்கே கண்ட உருவமே பின்னர் உலகின் கொடுங்கோலர்க்கெல்லாம் பொதுச் சட்டையாயிற்று.

ஜாரி அவ்வுருவத்தைத் தம் கையாலேயே மரத்தில் செதுக்கி அச்சிட்டார். 1896-இல் வெளிவந்த அம்மரச்செதுக்கு அச்சு அளவிற் சிறியது. கூம்பிய முக்காட்டுத் தலை, அதன் கீழே பேரிக்காய் போல அகன்று சரியும் உடல், வயிற்றின்மேல் ஒரு பெரிய சுருள்வட்டம், இடுக்கிய கோல். பிலிப்போனின் பேரிக்காய் கழுத்துக்கு மேலே இருந்தது. ஜாரியின் பேரிக்காய் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. யாருடைய சாயலும் அதில் இல்லை. ஏபேரை அறியாதவர்க்கும் அது விளங்கும். சாயலை இழந்ததனாலேயே அது எவர்மீதும் பொருந்தும் போர்வையாயிற்று. ஒரு மன்னனின் முகத்தைப் பகடி செய்த படம் அம்மன்னனோடு இறக்கிறது. இன்று பேரிக்காயின் பொருளை விளக்கக் குறிப்புரை வேண்டும். உபுவின் வயிற்றுச் சுருளுக்கு வேண்டாம்.

உபுவைத் தொட்ட ஓவியர் பலர். அவருள் ஜோர்ஜ் ருவோ தனித்து நிற்கிறார். தோமியேயின் கல்லச்சுகளை விரும்பிய பாட்டனாரிடம் சிறுவயதில் ஓவியத்தின்மேற் பற்றுக்கொண்டவர். வண்ணக் கண்ணாடிச் சாளரத் தொழிலில் பயிற்சி பெற்றவர். படவணிகரும் பதிப்பாளருமாகிய வொல்லார், உபுவைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பித் தாமே கதைகள் எழுதிவந்தார். வொல்லார் பிறந்த ரியூனியன் தீவு, தமிழர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தீவுதான். ஆண்டான் அடிமை முறையை அவர் நூலிற் படித்து அறியவேண்டியதில்லை. அக்கதைகளுக்குப் படம் வரைந்து தருவதாக ருவோ ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. தாம் உள்ளத்தில் சுமந்துகொண்டிருந்த 'மிசரேரே' என்னும் பெருந்தொகுதியை வொல்லார் வெளியிடவேண்டும். உபு நூல் 1932-இல் வெளிவந்தது. வொல்லார் 1939-இல் மறைந்தார். 'மிசரேரே'யின் ஐம்பத்தெட்டுத் தகடுகளும் 1948-இல்தான் வெளிச்சம் கண்டன.

கூலிக்காக வரைந்த உபுவை விட, மனத்துக்காக வரைந்த 'மிசரேரே'யிலேயே அரச அங்கதம் ஆழமாக அமைந்தது. மையோவியங்களை ஒளிப்படமுறையில் செம்பில் ஏற்றி, பிறகு ஊசியாலும் அமிலத்தாலும் தேய்கருவியாலும் ஒவ்வொரு தகட்டையும் ருவோ மீண்டும் மீண்டும் திருத்தினார். சில தகடுகள் பத்துக்கும் மேற்பட்ட நிலைகளைக் கடந்தன. கண்ணாடிச் சாளரத்து ஈயக்கட்டுகளைப் போன்ற தடித்த கருங்கோடுகள். அவற்றின் உள்ளிருந்து கசியும் மங்கலான ஒளி. ஆறாம் தகட்டின் தலைப்பு, நாம் தண்டனைக் கைதிகள் அல்லமோ என்று கேட்கிறது. எட்டாம் தகடு ஒப்பனை பூசிக்கொள்ளாதார் யார் என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஏழாம் தகடு. அதன் பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழில் 'நம்மை அரசரென நம்பி' என்றே பெயர்க்க முடியும். எச்சம் நிற்கிறது, முற்று வரவில்லை. நம்பி என்ன செய்தோம், என்ன ஆனோம் என்பது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது. இலக்கணம் பயிற்றுவோர் ஒரு வினையெச்சம் இத்துணைச் சுமை தாங்குவதைப் பிறிதோரிடத்தில் எளிதிற் காணார். தோமியே அரசனைத் தன்மை இடத்தினின்று விலக்கிப் படர்க்கையில் வைத்தார். சிரிப்பவர் வேறு, சிரிக்கப்படுபவர் வேறு. ருவோ 'நாம்' என்கிறார். கைதிக்கும் கோமாளிக்கும் இடையே முடிசூடி நிற்பவர் நாணயத்து மன்னர் அல்லர், படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

இதற்கு எதிர்நிலையில் பிக்காசோவின் 'பிராங்கோவின் கனவும் பொய்யும்' நிற்கிறது. 1937 ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடித்த இவ்விரண்டு தகடுகளும் பதினெட்டுக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டவை. குடியரசுத் தரப்பின் நிவாரணத்துக்காக விற்கப்பட்டவை. பிராங்கோ அரசன் அல்லன். ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பின், 1947-இல் அவனே ஸ்பெயினை முடியரசென்று சட்டமியற்றி, அரசனின்றித் தானே தலைமை தாங்கினான். பிக்காசோவின் தகட்டில் மயிர் முளைத்த கிழங்கு போன்ற ஓர் உயிர் வாளும் கொடியும் ஏந்திக் குதிரையேறுகிறது, பன்றியேறுகிறது, காசை வைத்து வழிபடுகிறது, அழகிய சிலையொன்றைக் கோடரிகொண்டு தாக்குகிறது. உபுவின் உறவினன் என்பது தெளிவு. சினத்தின் வேகமும் தெளிவு. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் உருவம் மாறிக்கொண்டே போவதால் வெறுப்பு குவியாமல் சிதறுகிறது. இறுதியாகச் சேர்த்த கட்டங்களில் இறந்த குழந்தையோடு அலறும் தாய் வரும்போதுதான் ஊசியின் கோடு ஓரிடத்தில் ஊன்றுகிறது. தோமியே திரான்ஸ்நொனேன் தெருவில் கற்றதைப் பிக்காசோவும் அதே ஊசிமுனையில் கற்றார். யோவான் மிரோ 1966-இல் உபுவுக்கு வரைந்த பதின்மூன்று வண்ணக் கல்லச்சுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. கண்ணுக்கு விருந்து, சுவரில் மாட்டத் தகும். கொடுங்கோலன் சுவருக்கு அழகாகிவிட்டபின் அங்கதத்துக்கு அங்கே வேலையில்லை.

உபு பிறந்து நூறாண்டு நிறைந்தபோது தென்னாப்பிரிக்காவில் அவன் மீண்டும் எழுந்தான். நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்கும் உண்மை நல்லிணக்க ஆணையம் 1996-இல் அமர்வுகளைத் தொடங்கியது. செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்பவர்க்கு மன்னிப்புக் கிட்டும் என்பது விதி. அதே ஆண்டில் ஜொஹானஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 'உபு உண்மை பேசுகிறான்' என்னும் எட்டுச் செப்புத்தகட்டு அச்சுகளைத் தொடங்கினார். மறு ஆண்டில் அவர் பங்காற்றிய நாடகம் ஒன்றும் மேடையேறியது. நாடகத்தில் உபு அரசன்கூட அல்லன். அரசின் கொலைப்படையிற் பணிபுரிந்த ஒருவன். இரவுகளில் எங்கே போகிறான் என்று ஐயுறும் மனைவி, வேறு பெண்களை நாடிப் போகிறான் என்று எண்ணுகிறாள். அவனோ வீட்டுக்கு வந்ததும் நின்று நெடுநேரம் குளிக்கிறான்; உடம்பிலிருந்து கழுவவேண்டியது வேறு.

எட்டு அச்சுகளிலும் அமைப்பு ஒன்றுதான். நாடகத்தின் காட்சி எண்களைத் தலைப்பாகத் தாங்கிய அத்தாள்களில் ஆடையற்ற நடுத்தர வயது மனிதன் ஒருவன் இருக்கிறான். கனவானும் அல்லன், அரக்கனும் அல்லன். தன்னையே ஒளிப்படம் எடுத்துப் பார்த்து ஓவியர் வரைந்த சாதாரண உடல். நிழலும் தசையும் உள்ள உயிருள்ள உடல். அவனைச் சுற்றியும் அவன்மேலும், கரும்பலகையில் வெண்கட்டியால் இழுத்தது போல, ஜாரியின் உபு வெண்கோட்டில் வரையப்பட்டிருக்கிறான்: கூம்பிய தலை, சரிந்த வயிறு, அதே சுருள். உள்ளிருக்கும் மனிதன் அசைந்தால் வெண்கோட்டு அரசனும் உடன் அசைகிறான். யார் யாரை அணிந்திருக்கிறார் என்பது பார்க்கப் பார்க்கத் தெளிவின்றிப் போகிறது. சில தாள்களில் கோடு உடலை முழுதும் மூடவில்லை. அரசனின் விளிம்புக்கு வெளியே மனிதனின் கையோ காலோ நீண்டு தெரிகிறது. ரேன் நகரத்து வகுப்பறையில் ஆசிரியர் முதுகு திருப்பியபோது பலகையில் கிறுக்கப்பட்ட அதே வெண்கோடுதான் அது. இம்முறை அதற்குள்ளே ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான், தன் உடம்பைக் குனிந்து பார்த்தபடி.